மிஸ்ஸி கறி கேட்காத நாட்கள்

தோட்டத்து டிஸ்பென்சரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் மருந்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் முறையாகப் படித்து வந்தவர்கள். நான் பாதியைப் பழைய புத்தகங்களில் படித்தேன், மீதியைச் சனங்களின் வாயிலிருந்து படித்தேன். அதனால் உங்கள் பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "இன்னைக்கி என்ன கறி?" இதுதான் அந்தக் கேள்வி. சோற்றோடு தொட்டுக்கொள்வது எதுவானாலும் தோட்டத்தில் அது கறிதான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தவன்தான்.

1992இல் இரத்தினபுரிப் பக்கம், குருவிட்டவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு மருத்துவ உதவியாளனாகப் போனேன். மேல் பிரிவு தேயிலை, கீழ்ப் பிரிவு ரப்பர். சனங்கள் என்னை டாக்டரையா என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தேன். "அத நாங்க சொல்லிக்கிறோம், நீங்க மருந்தக் குடுங்க" என்று ஒரு கிழவர் முடித்து வைத்தார்.

அங்கே எனக்கு முன்பே ஒரு மிட்வைஃப் இருந்தார். தோட்டத்தில் மிட்வைஃபை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. பதினாறு வருடத்தில் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கேயும் மிஸ்ஸி என்றே இருக்கட்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகளைக் கேகாலைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டு, டிஸ்பென்சரிக்கு மேலே குவாட்டர்ஸில் தனியாக இருந்தார்.

நான் போன முதல் வாரமே ஒரு பிழை செய்தேன். கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம். இரண்டு வயதிருக்கும். பார்த்தேன், உப்புக் கரைசல் கொடுத்தேன், எப்படிக் கலக்க வேண்டும் என்று தாய்க்குச் சொன்னேன். தாயும் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றாள். திருப்தியோடு வெளியே வந்து நின்றேன். எனக்குப் பின்னால் வந்த மிஸ்ஸி, குழந்தையைக்கூடப் பார்க்காமல், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"என்னடி, இன்னைக்கி என்ன கறி?"

"பருப்புங்க மிஸ்ஸி."

மிஸ்ஸி நேரே சமையல் காம்பராவுக்குள் போனார். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். அடுப்புக்குள் சாம்பலைக் கிளறி வட்டமாகப் படுத்திருந்தது ஒரு கோழி. அதன் கீழே இரண்டு முட்டைகள்.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கி ஒண்ணு" என்றார் மிஸ்ஸி. "ரெண்டு நாளா இந்த அடுப்பு எரியல, தம்பி."

பிறகுதான் தெரிந்தது. குழந்தைக்கு முன்பே தாய்க்கு வயிற்றோட்டம் கண்டிருந்தது. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், மூத்த இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மறைத்திருக்கிறாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. ஐந்து மாதக் கர்ப்பம் வேறு. நான் அவளோடு கால் மணி நேரம் பேசியிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. தாயையும் பிள்ளையையும் தோட்டத்து லொறியில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு பேரும் பிழைத்து வந்தார்கள்.

அன்றைக்கு நான் வெட்கத்தோடு திரும்பி நடந்தேன். மிஸ்ஸி என்னை ஏசவில்லை.

"நீங்க புள்ளையப் பாத்தீங்க, நான் வீட்டப் பாத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். வியாதியக் கேட்டா நமக்குப் புடிச்ச பதிலத்தான் சொல்லுவாங்க தம்பி. கறியக் கேட்டுட்டு அடுப்பப் பாருங்க. பழங்கறின்னா அவ இன்னைக்கி எழும்பல. மூணு நாளா ரொட்டியும் சம்பலும்னா அந்த வீட்ல புருசன் பொஞ்சாதி பேச்சு வார்த்தை இல்ல. கருவாடு பொரிக்கிற வாசன வந்திச்சுன்னா, நேத்து காய்ச்சல்ல கெடந்தவனுக்கு வாய் ருசி திரும்பிருச்சு."

நான் அசந்துபோனேன். இரத்தம் குத்திப் பார்க்காமல், குழாய் வைக்காமல், ஒரு சொல்லில் இந்த மனுஷி முழு வீட்டையும் படிக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் அவர் கேட்பதைக் கவனித்துக்கொண்டே வந்தேன். எத்தனையோ தடவை அந்தக் கேள்வி என் ஸ்டெதஸ்கோப்பை முந்திக்கொண்டது.

இந்தக் கேள்வியைப் பிடிக்காத ஆள் ஒருத்தி இருந்தாள். ராக்கம்மா. ரப்பர் பால் வெட்டுகிறவள். கீழ் லயத்தின் கடைசிக் காம்பராதான் அவள் வீடு. அவள் நாக்குக்குக் கங்காணியும் ஒதுங்குவார், கணக்கப்பிள்ளையும் ஒதுங்குவார்.

"எந்நேரமும் கறி கறின்னு கேக்குறீங்களே மிஸ்ஸி, பந்திக்கு ஒக்காரப் போறீங்களா?"

"ஒன் கையால சாப்புட்டா அப்புறம் எனக்கு யாருடி மருந்து குடுக்குறது?"

"அப்ப எதுக்குக் கேக்குறீங்க? கேட்டுட்டு ஒரு வாய் திங்காமப் போறதுக்கு மருந்துக் கணக்கு மட்டும் பாருங்களேன்."

இது வாரம் ஒருமுறை தவறாமல் நடக்கும் சண்டை. மிஸ்ஸி எந்த லயத்திலும் சாப்பிடுவதில்லை. ஒரு வீட்டில் கை நனைத்தால் நூறு வீட்டிலும் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் மனவருத்தம் வரும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். ராக்கம்மாவுக்கு அதில்தான் கோபம்.

இப்படியே பதினாறு வருடம் போனது. 2008இல் அந்தக் காய்ச்சல் வந்தது.

அதன் பெயர் சிக்குன்குன்யா என்று பிறகு எங்களுக்குச் சொன்னார்கள். சனங்கள் அதற்கு முன்பே முடக்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நுளம்பு கடித்து வருவது. எங்கள் பக்கம் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் பால் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால், ஒவ்வொரு ரப்பர் மரத்திலும் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் சிரட்டையில் தண்ணீர் நிற்கும். மலை முழுவதும் ஆயிரக்கணக்கான சிரட்டைகள், ஒவ்வொன்றிலும் நுளம்புக் குஞ்சு. கையும் காலும் ஓடுகிறவர்கள் எல்லாம் போய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்தோம். கவிழ்த்து முடிப்பதற்குள் கவிழ்த்தவர்களே விழுந்தார்கள்.

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. வந்தவர்கள் தடியூன்றி வந்தார்கள். நாற்பது வயது ஆம்பிளைகள் எண்பது வயது நடை நடந்தார்கள். அந்த நேரத்திலும் அவர்கள் சொன்ன சொற்களைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. "டாக்டரையா, ஒடம்புல உள்ள மூட்டெல்லாம் தனித்தனியா நின்னு சண்ட புடிக்குது" என்றான் ஒருவன். "நான் சட்ட போடல, சட்டதான் என்னைய போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்றாள் ஒருத்தி. வலியில் நிற்கிற ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு பேச்சு எங்கேயிருந்து வருகிறது என்று நான் அதிசயித்திருக்கிறேன்.

எனக்கும் வந்தது. ஒன்பது நாள் கிடந்தேன். அந்த ஒன்பது நாளும் டிஸ்பென்சரியை மிஸ்ஸி தனியாக நடத்தினார். நான் எழும்பியதும் அவர் விழுந்தார். மூன்று நாள்தான். நான்காம் நாள் கையெல்லாம் வீங்கிப்போய் வந்து நின்றார். பேனையை இரண்டு கையாலும் பிடித்து எழுதினார்.

நான் படுத்திருந்த நாட்களுக்கு இடையில் ஒன்று நடந்திருந்தது. மேல் பிரிவில் ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் காய்ச்சல். மிஸ்ஸி பின்னேரம் பார்த்துவிட்டு, காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தார். காலையில் லொறி வேறு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வாடகை வேன் பிடித்துப் போகும்போது மத்தியானம். குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்து இரண்டு நாள்தான் இருந்தது. முதல் நாளே வந்திருந்தாலும் இதுதான் என்று அங்கேயிருந்த டாக்டர் சொன்னார். தாயோ தகப்பனோ ஒரு சொல் குறை சொல்லவில்லை. மிஸ்ஸியும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நல்லது, மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். தம்பி தங்கச்சிமாரே, இந்த வரியைத் திரும்ப வாசியுங்கள். பேசாதவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அப்போதே பதினாறு வருடம் நோயாளி பார்த்திருந்த ஆள் நான்.

அதற்குப் பிறகு மிஸ்ஸியின் வேலையில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் முன்பைவிடச் சுத்தம். பதிவுப் புத்தகத்தில் ஒரு கீறல் இல்லை. நேரத்துக்கு வருவார், மருந்து கொடுப்பார், போவார். தோட்டத்து மேனேஜர் தொரையிடம் நானே பெருமையாகச் சொன்னேன், மிஸ்ஸி இரும்பு மாதிரி என்று. அவரிடமும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

கொஞ்ச நாளில் எனக்கும் ஏதோ பட்டது. அவர் மெலிந்திருந்தார். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. களைப்பு என்று முடிவு கட்டினேன். களைப்புக்குத் தோட்டத்தில் ஒரு மருந்து உண்டு. லைட் வேலைச் சிட்டை. நோயிலிருந்து எழும்பியவர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுப்பது. மலை ஏறாமல் பங்களாத் தோட்டத்தில் புல் பிடுங்கலாம், புள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். நூற்றுக்கணக்கில் எழுதிய கை, மிஸ்ஸிக்கும் ஒன்று எழுதியது. லயம் சுற்றுவதை நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் டிஸ்பென்சரியில் உட்கார்ந்து புத்தகத்தை மட்டும் பாருங்கள் என்றேன்.

"சரிங்க" என்றார்.

என் வாழ்நாளில் அவர் என்னிடம் "சரிங்க" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதற்கும் ஒரு எதிர்ச் சொல் வைத்திருப்பவர். முதல் வாரம் லயத்தில் அந்தத் தாய் என்னிடம் சொன்ன அதே "சரிங்க". எனக்கு அது கேட்கவில்லை. நல்ல காரியம் செய்த மனநிறைவோடு நான் லயத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் ராக்கம்மா டிஸ்பென்சரிக்கு வந்தாள். தடியூன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு. மிஸ்ஸி அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் மட்டும்தான். வலிக்குக் குளிசை வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து மாத்திரை டப்பாவைத் திறந்தேன்.

"அத மூடுங்க. நான் எனக்கு வரல. மிஸ்ஸி எங்க?"

"அவங்களுக்கு லைட் வேலை குடுத்திருக்கேன் ராக்கம்மா. களைச்சுப் போயிட்டாங்க. ஓய்வு வேணும்."

"மிஸ்ஸி எங்க வீட்ல கறி கேட்டு ரெண்டு மாசமாச்சு."

"அதான் சொன்னேனே, நான்தான் இப்ப லயத்துக்கு..."

"நீங்க வர்றது பதினஞ்சு நாளாத்தான். நான் அதுக்கு முன்னாடியச் சொல்றேன். வந்தாங்க, குளிச குடுத்தாங்க, போனாங்க. கறி கேக்கல. நானும் ரெண்டு தடவ பொறுத்தேன். மூணாந் தடவ நானே, 'மிஸ்ஸி, இன்னைக்கி ஈரப்பலாக்கா'ன்னு வாயக் குடுத்தேன். 'சரி'ன்னுட்டுப் போயிட்டாங்க. ஏசிக்கிட ஆளில்லாம நான் வாசல் இஸ்தோப்புல நிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"பக்கத்துக் காம்பரால கேட்டேன். அங்கயும் கேக்கலயாம். மேல் லயத்துல கேட்டேன். அங்கயும் இல்ல. டாக்டரையா, ஊர் அடுப்பெல்லாம் பாத்த மனுசி. அவங்க அடுப்ப யாராவது பாத்தீங்களா?"

நான் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தேன். முழங்கால் வீங்கிய ஒரு பால் வெட்டுக்காரி, வீடு வீடாகப் போய் விசாரித்து, ஒரு நோயைக் கண்டுபிடித்து, எனக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறாள். தினமும் அந்த நோயின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

மத்தியானத்துக்கு முன்பே இருவரும் குவாட்டர்ஸுக்குப் போனோம். நாற்பது படி. நீ இரு, நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். "நீங்க போனா மாத்திரதான் குடுப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஏறத் தொடங்கினாள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி, அடுத்த படிக்கு உடம்பைத் தூக்கி வைத்தாள். நான் கை கொடுத்தபோது தட்டிவிட்டாள். நாற்பது படியும் அப்படித்தான். அந்தப் பெண்ணுக்கும் மிஸ்ஸிக்கும் பதினாறு வருடமாக இருந்தது சண்டை மட்டும்தான் என்று நான் நம்பியிருந்தேன்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். மிஸ்ஸி திறந்தார். உடுத்தியிருந்த சேலை இரண்டு நாள் கசங்கல். ராக்கம்மா வாசல்படியில் உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"மிஸ்ஸி, இன்னைக்கி என்ன கறி?"

"பருப்பு..."

அதற்குமேல் வரவில்லை. அந்தப் பதில் என்ன பதில் என்று அவருக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். கதவைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அடுப்பைப் பார்க்க நான் உள்ளே போகவில்லை. வாசலிலிருந்தே தெரிந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் பழைய பேப்பர்கள் அடுக்கியிருந்தன. மேசையில் ஒரு பிஸ்கட் பக்கெட், பாதி தின்றது, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

மிஸ்ஸி பேசினார். என்னிடம் இல்லை, ராக்கம்மாவிடம்.

"கேக்கப் பயமாயிருந்திச்சு ராக்கம்மா. கேட்டா சொல்லுவீங்க. சொன்னா நான் எதாச்சும் செய்யணும். எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. காலையில எழும்புறதே ஒரு மல ஏறுற மாதிரி இருக்கு. எழும்பாமலே இருந்துட்டா நல்லதுன்னு தோணுது."

என் வாயில் தயாராக இருந்தது என்ன தெரியுமா? 'சும்மா இருங்க மிஸ்ஸி, நீங்க எவ்வளவு தைரியசாலி' என்பது. சொல்லியே இருப்பேன். ராக்கம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் பேசாமல் இருந்ததுதான் என் முப்பது வருட வேலையில் நான் செய்த நல்ல சிகிச்சை என்று நினைக்கிறேன். அதுவும் என் புத்தியில் வந்ததில்லை.

ராக்கம்மா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள்.

"நாப்பது படி ஏறிட்டேன். எறங்க முடியாது. இன்னைக்கி நான் இங்கதான். பேசணும்னா பேசுங்க. இல்லாட்டி நான் ஒறங்குறேன்."

நான் ஓடிப்போய்த் தோட்டத்து ஒபீஸிலிருந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த மனநோய் டாக்டருக்கு டெலிபோன் பண்ணினேன். சிங்களவர், நல்ல மனுஷன். நாளைக் காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். சாவதைப் பற்றி யோசிக்கிறாரா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள், வந்திருந்தால் அது ஏற்கெனவே அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறது.

திரும்ப அந்த நாற்பது படியையும் ஏறினேன். என் வேலையில் எத்தனையோ பேரின் வலியைக் கிளறியிருக்கிறேன். இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஏறியதுதான் பாரம். கேட்டேன்.

"யோசிச்சிருக்கேன் தம்பி" என்றார் மிஸ்ஸி. பிறகு இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து, டிஸ்பென்சரி மருந்தலமாரிச் சாவியைக் கழற்றினார். வீங்கிய விரலால் கழற்ற நேரம் எடுத்தது. நான் உதவிக்குப் போகவில்லை. கழற்றி என் கையில் வைத்தார். "இத நீங்களே வச்சிக்கங்க. நல்லாகிற வரைக்கும்."

நல்லாகிற வரைக்கும். உள்ளே அவ்வளவு இருட்டிலும் அந்த மனுஷி ஒரு கையால் நோயையும் மறு கையால் வைத்தியத்தையும் பிடித்திருந்தார்.

மறுநாள் போனோம். வழியெல்லாம் மிஸ்ஸிக்கு ஒரே பயம்தான். தோட்டத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? புத்தி பேதலித்த மிஸ்ஸியிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? இருபத்தைந்து வருட வேலை போய்விடுமே. போகாமலும் இருக்க முடியாது. டாக்டர் அவரோடு ஒரு மணி நேரம் இருந்தார், பாதி தமிழ், பாதி சிங்களம். இது மனச்சோர்வு என்கிற வியாதி, காய்ச்சல் மாதிரி இதற்கும் மருந்து உண்டு, ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் தாதிமார்களும் சிலர் இப்படி வந்திருக்கிறார்கள் என்றார்.

வெளியே வரும்போது என்னைத் தனியாக நிறுத்தி, "மஹத்தயாட்ட நிந்த யனவாத?" என்று கேட்டார். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று. "ஹொந்தட்ட" என்றேன். நன்றாக வருகிறது என்று. மூன்று மாதமாக நான் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. அடுப்பில் கோழியை வைத்துக்கொண்டு பருப்பு என்று சொன்ன ஆள் நான்.

மகள் வந்து இரண்டு வாரம் இருந்தாள். தோட்டத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மிஸ்ஸி பயந்தது அதுதானே. நடந்ததைச் சொல்கிறேன். மகள் ஊருக்குப் போன மறுநாள் காலை, குவாட்டர்ஸ் படியின் கீழே ஒருத்தி நின்று குரல் கொடுத்தாள்: "மிஸ்ஸி, எங்க வீட்ல இன்னைக்கி பலாப்பிஞ்சுப் பொலஸ். மொளகு கூடப் போட்டுட்டேன்." சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டாள். மறுநாள் இன்னொரு வீடு: "கீரைங்க மிஸ்ஸி. கீரை மட்டுந்தான்." அதற்கடுத்த நாள் ஒரு கிழவர், தடியோடு: "மருமக கோவிச்சிக்கிட்டா. வெறுஞ்சோறு." ஒரு நாள்கூடத் தவறவில்லை. யாரும் நலம் விசாரிக்கவில்லை, மேலே ஏறவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. தங்கள் வீட்டுக் கறியைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இது யார் ஏற்பாடு என்று எனக்குத் தெரியும். ராக்கம்மாவிடம் கேட்டேன்.

"கேக்கத்தானே அவங்களுக்குத் தெம்பில்ல. நாங்க சொல்லிட்டுப் போறோம். எதாச்சும் கேட்டா அதுக்கு அவங்க பதில் தேடணும். சொன்னா சும்மா கேட்டுக்கிட்டு இருக்கலாம்."

எந்தக் கல்லூரியில் இதைப் படித்தாள்? அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

கறி சொன்னதால் மிஸ்ஸி குணமானார் என்று எழுதிவிட்டுப் போனால் உங்களை ஏமாற்றியவனாவேன். மூன்று வாரம் குளிசை எதுவும் செய்யவில்லை. நிறுத்திவிடப் பார்த்தார். டாக்டர் அளவை மாற்றினார். நடுவில் இரண்டு நாள் மிக மோசம், திரும்ப இரத்தினபுரிக்கு ஓடினோம். ஏழாம் வாரம் போல ஒரு காலையில் வாசலுக்கு வந்து நின்று, அவர்கள் கறி சொல்வதைக் கேட்டுக்கொண்டார் என்று சொன்னார்கள். பத்தாம் வாரம், மேலிருந்து பதில் வந்ததாம்: "மொளகு கொறச்சிப் போடு, ஒம் மாமியாருக்கு வயித்துப் புண்ணு." மருந்து அவரைத் தூக்கியது. தூக்குகிற வரைக்கும் பிடித்திருந்தது அந்தச் சனம்.

என் லைட் வேலைச் சிட்டையை டாக்டர் திருத்தினார். ஓய்வு கொடுத்தது பிழையில்லை, அவரைக் கேட்காமல் கொடுத்தீர்கள், ஆட்களிடமிருந்து பிரித்தும் வைத்தீர்கள் என்றார். இப்போது மிஸ்ஸியிடமே கேட்போம் என்றார். மிஸ்ஸி யோசித்து, ஒரு நாளைக்கு இரண்டு வீடு பார்க்கிறேன் என்றார். எந்த வீட்டில் தொடங்குகிறீர்கள் என்று கேட்டேன். கீழ் லயம், கடைசிக் காம்பரா என்றார்.

நானும் கூடப் போனேன். சிரட்டைகள் எல்லாம் திரும்ப நிமிர்ந்து, பால் விழுந்துகொண்டிருந்த நேரம். ராக்கம்மா அப்போதுதான் பால் வெட்டு முடித்து வந்து அடுப்பை மூட்டியிருந்தாள். மிஸ்ஸி வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

"என்னடி, இன்னைக்கி என்ன கறி?"

ராக்கம்மா திரும்பிப் பார்க்காமல் அடுப்பை ஊதினாள்.

"ஏன், பந்திக்கு ஒக்காரப் போறீங்களா?"

"ஆமா. தட்ட எடு."

ராக்கம்மாவின் கையிலிருந்த ஊதுகுழல் கீழே விழுந்தது. பதினாறு வருடச் சட்டம். அவள் தட்டைக் கழுவினாள், இரண்டு தடவை கழுவினாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். மிஸ்ஸி வீக்கம் குறைந்த விரலால் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நாங்கள் இருவரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கூட" என்றார்.

"பதினாறு வருசங் கழிச்சி ஒரு வாய். அதுலயும் குத்தமா?" என்றாள் ராக்கம்மா. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

மிஸ்ஸி சாப்பிட்டுக்கொண்டே தலையை நிமிர்த்தி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பழைய பார்வை.

"தம்பி, ஒங்க வீட்ல என்ன கறி?"

பருப்பு என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"தெரியாது மிஸ்ஸி. சாப்புடுறேன், என்னன்னு தெரியல. தூக்கமும் இல்ல. ரொம்ப நாளா இல்ல."

மிஸ்ஸி கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

"ஒக்காருங்க" என்றார். "நாளைக்கி ரெண்டு பேருமா இரத்தினபுரிக்குப் போவோம்."

ராக்கம்மா இன்னொரு தட்டை எடுத்தாள். "தொரையும் வராரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். "அரிசி போடணும்."